டாக்டர் கைவிரித்தால் பூசாரியா?

சிரோசிஸ் என்னும் ஈரல் வியாதி முற்றிப்போன தாயாரையோ தகப்பனாரையோ பார்த்து, "ஈரல் மாற்று சிகிச்சையை இந்த உடம்பு தாங்காது" என்று டாக்டர்கள் சொல்லிவிட்டால், நம் மக்கள் இரண்டில் ஒன்றைச் செய்கின்றார்கள். தலைவிதி என்று இருக்கிற மருந்தையும் நிறுத்திவிடுகின்றார்கள். அல்லது கடன் வாங்கிக்கொண்டு ஜோசியன், பூசாரி, பச்சிலைக்காரன் என்று வாசல் வாசலாய் ஏறி இறங்குகின்றார்கள். இரண்டும் நோயாளிக்குச் செய்யும் துரோகமென்றே சொல்லுவோம்.

ஈரல் மாற்ற முடியாது என்பது எவனும் தலையில் எழுதி வைத்ததல்ல. இருதயம் பலவீனமாயிருந்தாலும், ஈரலில் உண்டான புற்று வெளியே பரவியிருந்தாலும் அறுவையால் பயனில்லை என்று கணக்குப் பார்த்துத்தான் மறுக்கின்றார்கள். 1963-ல் அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் ஸ்டார்ஸல் என்னும் டாக்டர் முதன் முதலாக ஈரலை மாற்றியபோது, நோயாளியான குழந்தை மேஜையின்மீதே இறந்துபோயிற்று. ஒரு வருஷத்துக்கு மேல் பிழைத்த முதல் நோயாளிக்கு அறுவை நடந்தது 1967-ல் தான். இன்று அந்த வித்தை வெகுவாக வளர்ந்திருந்தும் எல்லா உடம்புக்கும் அது ஏற்றதல்ல. ஆகவே, "என் ஈரலில் ஒரு பாகத்தைத் தருகிறேன் என்றேன், ஏற்கவில்லையே" என்று புழுங்கும் மகனோ மகளோ அதைத் தன் குற்றமாக எண்ண வேண்டியதில்லை.

கர்மபலன் என்பவர்களை ஒன்று கேட்கின்றோம். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றிய ஹெபடைடிஸ் 'பி' கிருமி, பல வருஷங்கள் கழித்து ஈரலை அழிப்பதுண்டு. அந்தச் சிசு எந்தப் பாவத்தைச் செய்தது? குடித்துக் கெட்டவரே ஆனாலும், படுக்கையில் கிடப்பவரிடம் குடியின் கெடுதியைப் பிரசங்கம் செய்வது யோக்கியமா?

நமக்குத் தெரிந்த தோழர் ஒருவரின் தாயார் குடியின் வாசனையே அறியாதவர். ஈரல் மாற்ற முடியாதென்றான பிறகு வீட்டில் இருந்தார். ஒரு வாரமாய்ப் பகலில் தூங்கி ராத்திரியில் விழித்தார். மகனைச் செத்துப்போன தன் தம்பியின் பெயரால் கூப்பிட்டார். உடனே தெருவே கூடி, "தம்பி ஆவி பிடித்துக்கொண்டது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது! வேப்பிலையும் உடுக்கையுமாய்ப் பூசாரி வந்தான்; ஏழாயிரம் ரூபாய் கேட்டான். அந்த அம்மாளுக்கு நான்கு நாளாய் மலம் போகவில்லை என்பதை ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து ஊர் நர்ஸ் ஒருவர் வந்து, இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். நீட்டிய கைகள் மணிக்கட்டிலிருந்து சிறகடிப்பதுபோல் படபடத்தன. ஆஸ்பத்திரியில் லாக்டுலோஸ் என்னும் இனிப்பு மருந்தைக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அம்மாள் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பேதியோடு போய்விடுகின்ற பேயை நாம் இப்பொழுதுதான் கேள்விப்படுகின்றோம்!

நடந்தது இவ்வளவுதான். குடலில் உண்டாகும் அம்மோனியா முதலிய விஷங்களை நல்ல ஈரல் சுத்தம் செய்துவிடும்; கெட்ட ஈரல் செய்யாது; அவை மூளைக்கு ஏறிப் புத்தியைக் கலக்கும். ஆகவே தினம் இரண்டு மூன்று முறை இளகலாய் மலம் போகும்படி அந்த மருந்தை விடாமல் கொடுக்க வேண்டும். தூக்க மாத்திரையும், கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் டாக்டரைக் கேளாமல் கூடாது. வயிற்றில் நீர் கோத்தால் ஊசியால் எடுக்கலாம்; ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். ஆனால் பத்தியமென்று பருப்பு, முட்டை, பால், மீனை நிறுத்துகின்றார்களே, அது தப்பு. சதை கரைந்து ஆள் சீக்கிரம் விழுவதுதான் மிச்சம். ரத்த வாந்தி எடுத்தாலும், மலம் தார்போல் கறுத்தாலும், காய்ச்சலோடு வயிறு வலித்தாலும் நல்ல நேரம் பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி, கசப்பான விஷயம். புத்தி கலங்கும் வியாதியானதால், தெளிவாயிருக்கும்போதே நோயாளியிடம் உண்மையைச் சொல்லி, கடைசியில் வீட்டிலிருக்க வேண்டுமா, ஆஸ்பத்திரியில் குழாய்களோடா என்று கேட்டுவிட வேண்டும். "சொன்னால் பயந்துவிடுவார்" என்பது பெரும்பாலும் நம்முடைய பயமே. நோவு தணிக்கும் பாலியேட்டிவ் சிகிச்சை கோழிக்கோட்டில் 1993-ல் ஆரம்பித்து, 2008-ல் கேரள சர்க்காரின் கொள்கையாகவே ஆயிற்று. நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளிலும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவையும் யார் செய்வது? துணி மாற்றுவதும் கழுவுவதும் ராத்திரி விழிப்பதும் மருமகள் தலையிலே. "என் ஈரலையே தருவேன்" என்று ஊரார் முன் சொன்ன மகனோ திண்ணையிலே! மேற்படி தோழரிடம் இதை நேரிலேயே கேட்டோம். கோபித்துக்கொண்டார். போன வாரம் போயிருந்தபோது, மருந்து வேளைகளைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். ராத்திரி முறை அவருடையது. அவர் மனைவி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.