கல்லுக்குள் ஓர் இலை

விடுமுறைக்குத் தாம்பரம் வந்த என் அண்ணன் பெண், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கிணறு வெட்டிப் போட்ட மண்ணிலிருந்து ஒரு வெளுத்த கல்லை எடுத்து வந்தாள். அதில் இலையின் அச்சு! பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு "ஓக் இலை" என்று சீட்டும் எழுதி விட்டாள்.

"எப்படியடி தெரியும்?"

"ஓரம் வெட்டு வெட்டாக இருக்கே, அத்தை! இங்கிலீஷ் புத்தகத்தில் இப்படித்தான் இருக்கு."

ஓரத்தை நம்பினால் மோசம்தான். ஒரே ஓக் மரத்தில்கூட இலைக்கு இலை ஓரம் மாறும். நரம்பைப் பார்க்க வேண்டும். ஒரு வெற்றிலையை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினேன். பெரிய நரம்புகளுக்கு நடுவே சன்னமான வலைப் பின்னல். ஓக் இலையிலும் அந்த வலை உண்டு.

கல்லில் வலையைக் காணோம். நடுக் காம்பின் இரு பக்கமும் சீப்புப் பல் போலச் சிற்றிலைகள். ஒவ்வொன்றிலும் தென்னங்கீற்றில் இருப்பது போல நீளவாக்கில் ஓடும் நரம்புகள். இதற்கு டைலோபில்லம் என்று பெயர். தோட்டங்களில் வைக்கும் சைகஸின் சாயல் உள்ள செடி. அடியோடு அழிந்து போன குலம். ஸ்ரீபெரும்புதூர்ப் பாறைகளின் இந்த இலைகளைப் பற்றி 1879-ல் பைஸ்ட்மான்டல் என்ற அறிஞர் விரிவாக எழுதியிருக்கிறார். வயது 10 கோடி ஆண்டுகளுக்கு மேல். ஓக் மரத்துக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தடயம், ஆஸ்திரியாவில் அகப்பட்ட மகரந்தம், சுமார் 5.6 கோடி ஆண்டுதான்!

முகம் வாடியவள், "அப்போ ஓக்கைவிட இது பெரியவளா?" என்று கேட்டு, சீட்டைக் கிழித்து வேறு எழுத உட்கார்ந்தாள். கூடவே ஒட்ட வெற்றிலையைத் தேடினாள். அதை என் மாமனார் அப்போதே போட்டுக்கொண்டு விட்டார்.