26 வாரங்களும் ஒரு கணக்கு நோட்டும்

மாண்புமிகு ஒன்றியத் தொழிலாளர், வேலைவாய்ப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

புனே நகரின் வாகட் பகுதியில், நான்காம் மாடியில் குடியிருக்கும் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி எழுதும் மடல் இது. தங்கள் நேரத்தின் அருமையை அறிவேன். நாட்டின் கோடானுகோடித் தொழிலாளர்களைத் தாங்கள் கவனித்தாக வேண்டும். நான் கவனிப்பது ஒரு நாற்பது பக்க நோட்டைத்தான். ஆனால் அந்த நோட்டில் தங்கள் அமைச்சகத்தின் பெயர் அடிக்கடி எழுதப்படுகிறது. ஒருவர் பெயரில் கணக்கு எழுதிவிட்டு அவருக்குச் சொல்லாமல் இருப்பது மரியாதை ஆகாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். 2017 மார்ச்சில் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, 12 வாரமாக இருந்த விடுப்பை 26 வாரமாக்கினீர்கள். அப்போது நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். கனடாவுக்கும் நார்வேக்கும் அடுத்தபடியாக மூன்றாம் இடத்துக்கு நம் நாடு வந்துவிட்டது என்று செய்தி வந்தபோது, கல்யாணம் என்ற பேச்சே எடுக்காத நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்து கைதட்டினோம். 2025 செப்டம்பர் 22 முதல் குழந்தைகளின் நாப்கின் மீதும் பால் புட்டி மீதும் இருந்த வரியை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார் தங்கள் சக அமைச்சர். அதையும் என் நோட்டில் வரவுப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் இடம் நிறைய மிச்சம் இருப்பதால் எதையும் விட்டுவிடுவதில்லை.

செலவுப் பக்கம் அப்படி இல்லை. வாடகை 21,000. பதினோரு மாத ஒப்பந்தம் எனக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது முடிகிறது. புதுப்பிக்கும்போது வழக்கம்போல ஏறும். பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துகொண்டிருந்த காய்கறி நின்றது; ஞாயிறு காலை என் கணவர் பிம்ப்ரி சந்தைக்குப் பையோடு போய் வருகிறார். பாக்கெட் மாவு நின்றது; சீர்வரிசையில் வந்து மூன்று வருடமாகப் பரணில் கிடந்த கிரைண்டர் கீழே இறங்கியது. வளைகாப்புக்கு மண்டபம் பேசியிருந்தார் மாமனார். அதை வேண்டாம் என்று சொல்லி, வீட்டிலேயே ஐந்து வகைச் சாதம் கிளறினோம். எதிர்வீட்டு மராத்தியக் குடும்பத்தார் தங்கள் வழக்கப்படி ‘டோஹாளே ஜேவண்’ என்னும் வளைகாப்பு நடத்தி, பச்சைப் புடவை கட்டிவிட்டு, வயிறாரச் சோறு போட்டார்கள். அன்றைய பக்கத்தில் செலவு எதுவும் இல்லை. குழந்தை பிறப்பதற்கு முன் அதற்கென்று எதையும் வாங்கக் கூடாது என்பார் அம்மா. படித்த திமிரில் நான் சிரித்த அந்தச் சாஸ்திரம் இந்த முறை எங்களுக்கு ரொம்பவும் வசதியாகப் போயிற்று. தொட்டிலும் துணியும் அக்கா வீட்டிலிருந்து பார்சலில் வருகின்றன.

இவையெல்லாம் முறையீடு அல்ல. சிக்கனமாக வாழ எங்களுக்குத் தெரியும். தாங்களும் அந்த நம்பிக்கையில்தானே இருக்கிறீர்கள். ஓர் உதாரணம் பாருங்கள். முதலாளி இலவச மகப்பேறு மருத்துவ வசதி தராவிட்டால் 3,500 ரூபாய் ‘மருத்துவ போனஸ்’ தர வேண்டும் என்று 2011-இல் நிர்ணயித்தார்கள். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தை உள்ளடக்கிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அந்த 3,500-ஐயும் பழைய வீட்டுச் சாமானைப் போலப் பத்திரமாகத் தூக்கிவந்து புதிய வீட்டில் வைத்துவிட்டார்கள். ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு நான் கட்டியது 3,200. மீதி 300 ரூபாயில் பிரசவத்தை முடித்துக்கொள்ளலாம் என்ற தங்கள் அரசின் நம்பிக்கை என்னைப் பல இரவு தூங்க விடவில்லை.

இனி விடுப்புக்கு வருகிறேன். நான் வேலை பார்ப்பது ஒரு சிறு நிறுவனத்தில். மாதம் 36,000 ரூபாய். எங்களில் நாற்பத்தேழு பேர் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. ஐம்பது பேர் இருந்தால் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதாலோ என்னவோ, ஐம்பதை நெருங்கும்போதெல்லாம் யாராவது இரண்டு பேர் ஒப்பந்தக்காரர் கணக்குக்கு மாறிவிடுகிறார்கள். முதலாளி கெட்டவர் இல்லை. செய்தி சொன்னபோது பேடா வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். அன்று மாலையே 36,000-ஐ ஆறால் பெருக்கினார். 2,16,000 என்று வந்தது. மறுவாரம் புதிதாக ஆள் எடுக்கும் வேலையை என்னிடமே கொடுத்து, “பெண்கள் வந்தால் கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை உண்டா என்று நாசூக்காகக் கேட்டுவிடுங்கள்” என்றார். ஏழு மாத வயிற்றோடு நான் எதிரே உட்கார்ந்து அதை எவ்வளவு நாசூக்காகக் கேட்க முடியும் என்று அவர் யோசிக்கவில்லை.

சட்டம் எனக்குத் தெரியும். பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான பணத்தை முன்கூட்டியே தர வேண்டும். குழந்தை பிறந்ததற்கான சான்றைக் கொடுத்த 48 மணி நேரத்துக்குள் மீதியைத் தந்துவிட வேண்டும். 1961-இல் எழுதிய அந்த வாக்கியம் புதிய தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. படிக்கப் படிக்க இனிக்கிறது. எங்கள் அலுவலகத்தில் எனக்குச் சொல்லப்பட்ட ஏற்பாடு வேறு: விடுப்பில் மாதாமாதம் பாதிச் சம்பளம், மீதி, திரும்பி வந்து மூன்று மாதம் வேலை பார்த்த பிறகு. என் வேலை ஒப்பந்தமோ விடுப்பின் நடுவிலேயே முடிகிறது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேறு பலன் தொடரும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சொல்லியிருக்கிறது என்பதை அலுவலகத்தில் போய்ச் சொல்லிப் பார்த்தேன். “நீதிமன்றத்துக்கே போங்களேன்” என்று மிகுந்த மரியாதையோடு வழி காட்டினார்கள். கால் வீங்கியிருப்பதால் இப்போதைக்கு மாடிப்படியே போதும் என்று திரும்பிவிட்டேன்.

இங்கேதான் தங்களிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டியிருக்கிறது. மூன்றாம் இடம் பிடித்தோமே, முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்கள் அந்த விடுப்புக்கு எப்படிப் பணம் தருகிறார்கள் என்று அன்று யாராவது விசாரித்தார்களா? கனடாவில் வேலைவாய்ப்புக் காப்பீட்டு நிதியிலிருந்து தருகிறார்கள். நார்வேயில் தேசியக் காப்பீட்டிலிருந்து தருகிறார்கள். அங்கே எந்த முதலாளியும் சம்பளத்தை ஆறால் பெருக்கிப் பார்ப்பதில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு மகப்பேறுப் பாதுகாப்பு உடன்படிக்கையும் இதையே பொது விதியாக வைத்திருக்கிறது: காப்பீட்டிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ கொடுங்கள், தனி முதலாளி தலையில் கட்டாதீர்கள் என்று. அந்த உடன்படிக்கையை நாம் ஏற்கவில்லை. வாரங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டு, விடைத்தாளின் மறுபக்கத்தைப் பார்க்காமலே எழுந்து வந்துவிட்ட மாணவனைப் போல் ஆகிவிட்டோம்.

வெளிநாட்டுக் கதை எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். உள்ளூர்க் கதையே இருக்கிறது. 1928 ஜூலையில், பம்பாய் சட்ட மேலவையில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேசத்தின் நலன், ஆகவே இந்தச் சுமையின் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். மறு ஆண்டே பம்பாய் மாகாணம் இந்தியாவின் முதல் மகப்பேறு நலச் சட்டத்தைக் கண்டது. அந்த மேலவை மழைக்காலக் கூட்டங்களை நடத்திய கட்டடம் இதே புனேயில், நான் மருத்துவமனைக்குப் போகும் பேருந்திலிருந்து பார்க்கும்படியாக, இன்னும் உறுதியாக நிற்கிறது. கட்டடத்தைப் பராமரிப்பதில் நமக்குக் குறை வைக்கத் தெரியாது. அங்கே பேசியவரின் சிலைகளுக்கும் மாலை தவறுவதில்லை.

தங்கள் அமைச்சகத்துக்கும் இது தெரியாததல்ல. 2018 நவம்பரில் தங்கள் அமைச்சகமே ஓர் அறிக்கை வெளியிட்டது. மாதம் 15,000 ரூபாய் வரை வாங்கும் பெண்களுக்கு 26 வாரச் சம்பளம் கொடுக்கும் முதலாளிகளுக்கு, அதில் 7 வாரச் சம்பளத்தை அரசே திருப்பித் தரும் திட்டம் உருவாகிறது, ஏறக்குறைய 400 கோடி ரூபாய் ஆகும், ஒப்புதல் பெறும் முயற்சி நடக்கிறது என்று அது சொன்னது. விடுப்பில் போவதற்கு முன்பே அற்பக் காரணம் காட்டிப் பெண்கள் வேலையிலிருந்து அனுப்பப்படுவதாகப் புகார்கள் வருகின்றன என்பதையும் அது ஒளிக்கவில்லை. அந்த நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். நோயை இவ்வளவு சரியாகக் கண்டுபிடித்த மருத்துவர், சீட்டு எழுதிக் கொடுக்காமலே எழுந்து போனதுதான் புரியவில்லை. அந்த 7 வாரம் இன்றுவரை எந்த முதலாளி கைக்கும் வந்து சேரவில்லை. 2018-இல் பிறந்த குழந்தைகள் இப்போது பள்ளிக்கூடம் போகின்றன.

தாங்கள் தராத பணம் எங்கே போகிறது தெரியுமா? அதைச் சொல்லத்தான் இந்த மடல். தாங்கள் முதலாளியிடம் தள்ளினீர்கள். முதலாளி என்னிடம் தள்ளினார். நான் என்ன செய்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கிப் பெருக்க, காலேவாடியிலிருந்து ஒரு மாவ்ஷி வருகிறார். மராத்தியில் மாவ்ஷி என்றால் சித்தி. மாதம் 2,500 ரூபாய். போன மாதம் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது என் பேனா நேராக அந்த வரிக்குத்தான் போனது. அடித்துவிட்டேன். அவரிடம் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. குனிய முடியாத என்னைப் பார்த்து, “நீ எப்படியம்மா துலக்குவாய்?” என்றுதான் கேட்டார். பிறகு தன் பிரசவங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் மாதம்வரை நாலு வீட்டு வேலை. பிறந்து பதினைந்தாம் நாள் மறுபடி வேலை. அவருக்கு எத்தனை வாரம் விடுப்பு என்று எந்தச் சட்டத்திலும் தேடிப் பார்க்கலாம்.

அவர் மருமகளுக்கு இரண்டாவது குழந்தை பையன். 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு வேலையில் இல்லாத ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்கிறது. 2016 டிசம்பர் 31 இரவு பிரதமரும் 6,000 என்றே அறிவித்தார். திட்டமாக வந்தபோது அது 5,000 ஆயிற்று. அதுவும் முதல் குழந்தைக்கு மட்டும். பிறகு இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் 6,000 என்றார்கள். பையனைப் பெற்ற தாய்க்கு உடம்பு நோகாது போலிருக்கிறது. இது வேறு அமைச்சகம் என்று தாங்கள் சொல்லலாம். மன்னிக்க வேண்டும், என் நோட்டில் அமைச்சகத்துக்கு ஒரு பக்கம் என்று பிரித்து எழுதும் அளவுக்குத் தாள் இல்லை. என் சொந்த மாநிலமான தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் மதிப்புக்கு மகப்பேறு உதவி நடக்கிறது. 1987-இல் 300 ரூபாயில் தொடங்கியது. மனம் இருந்தால் தொகை வளரும் என்பதற்காகச் சொன்னேன்.

என் கோரிக்கை சிறியது, புதியதும் அல்ல. வழி தங்கள் கையிலேயே இருக்கிறது. 2017-இல் வைத்த 21,000 ரூபாய் வரம்புக்குள் சம்பளம் வாங்கும் பெண் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தில் (இ.எஸ்.ஐ.) சேர்ந்திருந்தால், அவளுடைய 26 வாரச் சம்பளத்தை அந்தக் கழகமே தருகிறது. ஆணை வேலைக்கு வைத்தாலும் பெண்ணை வைத்தாலும் முதலாளியின் பங்கு அதே 3.25 சதவீதம்தான். அதனால் பெண் என்பதற்காக யாருக்கும் ஒரு காசு கூடுதலாகப் போவதில்லை. இதே பொது நிதியை மகப்பேறு வரையிலாவது எல்லாச் சம்பளக்காரப் பெண்களுக்கும் விரித்து, 2018-இல் சொன்ன அந்த 7 வாரப் பங்கை அரசு அதில் போடட்டும். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு முழுப் பங்கையும் போடட்டும். 48 மணி நேரம் என்று எழுதிய சட்டத்துக்கு, அந்த மணிகளை எண்ணிப் பார்க்கும் ஓர் ஆய்வாளரையும் கொடுங்கள்.

நான் பொறுமைசாலி என்று என் மாமியாரே சாட்சி சொல்வார். ஆனால் என் பொறுமைக்கு டாக்டர் ஒரு தேதி குறித்துக் கொடுத்திருக்கிறார்.

மாவ்ஷியின் பெயரை அடித்த வரிக்குக் கீழே, இந்த மாதம் மறுபடி எழுதியிருக்கிறேன். சம்பளம் 2,500, அவர் வீட்டில் தேவைப்படும்போது விடுப்பு, சம்பளத்தோடு. அந்தப் பணத்துக்காக என் கணவர் இரவு வேளையில் கூடுதலாக ஒரு ஷிப்ட் பார்க்கிறார். சட்டம் எதுவும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. தங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் ஒன்று இருக்கிறது. அதை இயற்றியவர்களும் தாங்களே.

இப்படிக்கு,
தங்கள் மீது இன்னும் நம்பிக்கை வைத்திருக்கும்,
வாகட், புனேயில் வாழும் ஒரு தமிழ்ப் பெண்