பெல்ட்டை மாற்றும் உரிமையும் அதைக் கற்கும் உரிமையும்

வீட்டு வாசலில் காரை நிறுத்தி, டைமிங் பெல்ட்டைத் தாமே மாற்ற முனையும் ஒருவரைப் பார்த்து, "இது தேவையா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. கிராங்க் ஷாப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஷாப்ட் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பது இந்தப் பல்வைத்த ரப்பர் பட்டை. கணக்குப் பிசகினால், பல எஞ்சின்களில் மேலெழும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் மோதும். வால்வு வளைந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டும்.

இத்தகைய பிசகு பெரும்பாலும் அறியாமையால் நேர்கிறது. வேகப் பிரியர்கள் இன்றும் தேடி வாங்கும் பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக்கை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான கார் எஞ்சின்கள் கடிகாரமுள் திசையில் சுழல்பவை. இதுவோ எதிர்த்திசையில் சுழல்வது. வேறு கார்களில் பழகிய கை, பழக்கத்தால் தவறான பக்கம் திருப்பிவிடும். புதிய பெல்ட்டைப் பூட்டியபின் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மீண்டும் நேர்நிற்கின்றனவா என்று பார்ப்பதும் அவ்வாறே அறிந்திருக்க வேண்டிய ஒன்று. இவற்றை அறிய மேதைமை வேண்டாம். பழுதுபார்ப்புக் கையேட்டின் சில பக்கங்கள் போதும்.

அந்தப் பக்கங்கள் எவர் கையில் இருக்கின்றன என்பதே விவாதம். உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்கு எட்டவிடாமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்கெனக் குழு அமைத்தபோது, முதலில் கருதிய நான்கு துறைகளுள் வாகனமும் ஒன்று.

வரதய்யபாளையத்திலிருந்து நோக்கினால் இதன் முரண் இன்னும் தெளிவாகும். அவ்வட்டாரத்தை ஒட்டி எழுந்த ஸ்ரீசிட்டியில் இசுசு நிறுவனம் 2016 முதல் வாகனங்களை உற்பத்தி செய்கிறது. ஆலைக்குள் ஒவ்வொரு போல்ட்டுக்கும் இவ்வளவு முறுக்குவிசை என்ற எண் உண்டு. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் அந்த ஊர்களின் தொழிலாளி அந்த எண்ணுக்கேற்ப இறுக்கத் தகுதியுள்ளவர். மாலையில் தம் வீட்டுக் காரின் மூடியைத் திறக்கையில் மட்டும் அவர் தகுதியற்றவராகிவிடுகிறார். கை மாறவில்லை, எண்தான் மறைக்கப்பட்டது.

கையேடுகளை வெளியிட்டால் அரைகுறையாகக் கற்றவர்கள் எஞ்சினைக் கெடுப்பார்கள் என்பது நிறுவனத் தரப்பு வாதம். இன்றும் அவர்கள் எஞ்சினைத் திறக்கத்தான் செய்கிறார்கள். ஊகத்தை நம்பித் திறக்கிறார்கள். தெருமுனைப் பட்டறைக்காரரும் அதே ஊகத்தை நம்பியே பிழைக்கிறார். ஒருவேளை கையேடு கிடைத்தாலும் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். 'தளர்த்து', 'இறுக்கு', 'இடப்புறம் திருப்பு' என்ற ஏவல்களைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுத இயலாது என்று எவரும் கூற முடியாது. நாள்தோறும் பட்டறைகளில் இவ்வேலை நடப்பதே அம்மொழிகளில்தான்.

எல்லாரும் பெல்ட்டை மாற்ற வேண்டியதில்லை. மாற்ற விரும்புபவருக்குச் சுழலும் திசையும் முறுக்குவிசையும் அவர் மொழியில் கிடைக்க வேண்டும். அதுவரை பழுதுபார்க்கும் உரிமை என்பது படிக்க முடியாத பத்திரம்.