உங்க ஆபீஸ் போர்டில் அந்த 4 பேர் பெயர் இருக்கா?



திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் ஒரு சின்ன காரியம் செய்யுங்க. உங்க ஆலை, அலுவலகம், கடை, கல்லூரி எதுவானாலும் அங்கே இருக்கிற நோட்டீஸ் போர்டு முன்னால் ரெண்டு நிமிஷம் நில்லுங்க. ஷிப்ட் பட்டியல் இருக்கும், விடுமுறை அறிவிப்பு இருக்கும். "உள்ளகப் புகார் குழு" என்ற தலைப்பில் குறைந்தது 4 பேரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்க.

இருந்தால் மகிழ்ச்சி. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அப்படி ஒரு குழுவே இல்லை என்றால், உங்கள் நிர்வாகம் சட்டத்தை மீறிக்கொண்டிருக்கிறது. அபராதம் 50 ஆயிரம் ரூபாய் வரை. மீண்டும் மீறினால் அது இரட்டிப்பாகும், லைசென்ஸே ரத்தாகலாம். 2013 டிசம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிற, பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் இப்படித்தான் சொல்கிறது.

இந்தச் சட்டம் யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற கிராமப் பணியாளர் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். அரசு கொடுத்த வேலையைத்தான் செய்தார். அதற்காக 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுதலை செய்தது. பெண்கள் அமைப்புகள் விடவில்லை. உச்ச நீதிமன்றம் போனார்கள். 1997 ஆகஸ்ட் 13இல் வந்ததுதான் விசாகா தீர்ப்பு. அது சட்டமாக மாற இன்னும் 16 வருஷம் ஆனது.

அதே 1992இல் நம்ம சிதம்பரத்தில் என்ன நடந்தது என்பதை மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் கணவர் லாக்கப்பில் உயிரிழந்தார். மனைவி அதே போலீசாரால் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அது பணியிட வழக்கு அல்ல. ஆனால் அதிகாரத்தில் இருப்பவனுக்கு எதிராக ஒரு ஏழைப் பெண் வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதை நம் மாவட்டம் அப்போதே பார்த்துவிட்டது. அவர் பக்கம் மாதர் சங்கமும் செங்கொடி இயக்கமும் நின்றதால்தான் வழக்கு தண்டனை வரை போனது.

சரி, இப்போது பயிற்சி விஷயத்துக்கு வருவோம்.

சட்டத்தின் 19ஆவது பிரிவு, ஊழியர்களுக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் விழிப்புணர்வுப் பயிற்சி நடத்துவது நிர்வாகத்தின் கடமை என்கிறது. குழு உறுப்பினர்களுக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? மார்ச் 8 வந்தால் ஒரு ஹாலில் பெண்களை மட்டும் உட்கார வைப்பார்கள். இங்கிலீஷில் நாலு ஸ்லைடு ஓடும். ஒரு ரோஜாப்பூ, ஒரு குரூப் போட்டோ, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. முடிஞ்சது பயிற்சி! தொல்லை கொடுக்கிற சூப்பர்வைசர் வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார்.

பெண்களுக்கு மட்டும் "ஜாக்கிரதையா இருங்கம்மா" என்று சொல்வதற்குப் பெயர் பயிற்சி அல்ல. அத்துமீறும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, முதல் வரிசையில் உட்கார வேண்டியவர் அவர்தான். மேனேஜர், சூப்பர்வைசர், மேஸ்திரி, துறைத் தலைவர், ஆய்வு வழிகாட்டி எல்லோரும்.

"அப்ப எல்லா ஆம்பளையையும் குற்றவாளின்னு சொல்றீங்களா?" என்று சில தோழர்களே கேட்பார்கள். கடலூர் சிப்காட் ஆலைகளில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தீ விபத்துப் பயிற்சி பற்றித் தெரியும். அலாரம் அடித்தால் எந்தப் பக்கம் ஓடணும், யாருக்குச் சொல்லணும் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். "என்னைக் கொளுத்துறவன்னு சந்தேகப்படுறியா?" என்று யாராவது கோபப்படுகிறோமா? இதுவும் அப்படித்தான்.

"பொய்ப் புகார் வந்தா?" என்பது அடுத்த கேள்வி. வேண்டுமென்றே பொய் என்று விசாரணையில் உறுதியானால் நடவடிக்கை உண்டு, 14ஆவது பிரிவில் இருக்கிறது. ஆனால் புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே அது பொய் ஆகிவிடாது. இதுவும் அதே பிரிவில்தான் இருக்கிறது. இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை.

பயிற்சியில் சொல்லியே ஆக வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. தொடுவது மட்டும் துன்புறுத்தல் அல்ல. ஆபாசப் பேச்சு, போனில் படம் காட்டுவது, "ஒத்துக்கிட்டா நல்ல ஷிப்ட் போடுறேன்" என்ற பேரம் எல்லாமே துன்புறுத்தல்தான். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் தரணும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுதி உதவுவது குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடியணும். விசாரணை நடக்கும்போது அந்தப் பெண் இடமாற்றமோ 3 மாதம் வரை விடுப்போ கேட்கலாம். புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிடக் கூடாது.

இது யாருக்குப் பொருந்தும்? நிரந்தர ஊழியருக்கு மட்டும் இல்லீங்க. ஒப்பந்தத் தொழிலாளி, தினக்கூலி, பயிற்சியாளர் எல்லோருக்கும் பொருந்தும். கம்பெனி அனுப்பும் வேனும் பணியிடம்தான். நெய்வேலியில் கான்ட்ராக்டில் துப்புரவு வேலை செய்யும் அக்காவுக்கும் இதே உரிமை உண்டு. சிதம்பரம் கீழ வீதியிலும் கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் கடைகளில் நிற்கும் தங்கச்சிகளுக்கும் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற உயர்கல்வி நிறுவனங்களின் மாணவிகளும் ஆய்வாளர்களும் யு.ஜி.சி. விதிகளின்படி இந்தப் பாதுகாப்புக்குள் வருகிறார்கள்.

10 பேருக்குக் குறைவான இடம் என்றால்? பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் சின்ன யூனிட், துறைமுகத்தில் மீன் தரம் பிரிக்கும் இடம், வீட்டு வேலை? அங்கே உள்ளகக் குழு இருக்காது. முதலாளி மேலேயே புகார் என்றாலும் உள்ளே போய்ச் சொல்ல முடியாது. இவர்களுக்காகத்தான் மாவட்ட அளவில் "உள்ளூர் குழு" இருக்கிறது. நகராட்சியிலும் வட்டாரத்திலும் ஒரு தொடர்பு அலுவலர் புகாரை வாங்கி 7 நாளில் அந்தக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மாவட்டங்களுக்குக் கெடு வைத்தே உத்தரவு போட்டது. அந்த அலுவலர் யார் என்று உங்கள் தெருவில் ஒருத்தருக்காவது தெரியுமா?

பதவி உயர்ந்தால் பயமில்லை என்றும் நினைக்காதீங்க. 2021இல் ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி, அப்போதைய சிறப்பு டி.ஜி.பி. மீது புகார் கொடுக்கச் சென்னை புறப்பட்டார். வழியிலேயே அவர் காரை மறித்தார்கள். பக்கத்து விழுப்புரம் நீதிமன்றம் 2023 ஜூனில் அந்த டி.ஜி.பி.க்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. காக்கிச் சட்டையும் பெரிய பதவியும் இருந்தவருக்கே இந்த நிலை என்றால், முந்திரி உடைக்கிற அம்மாவுக்கு?

மாற்றவே முடியாதா? முடியும். திண்டுக்கல்லைப் பாருங்க. 2021 ஜனவரியில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய சூப்பர்வைசர். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தையும் எச் அண்ட் எம் நிறுவனத்தையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தது. அதன்படி தொழிலாளிப் பெண்களே பயிற்சி பெற்று, தொழிற்கூடத்தில் கண்காணிப்பாளர்களாக நின்றார்கள். பக்கத்து மெஷினில் இருக்கும் அக்காவிடம் சொன்னாலே போதும், விஷயம் மேலே போனது. பயிற்சி தொழிலாளி கையில் வந்தால் இப்படித்தான் இருக்கும்.

கடைசியாக, நம்மைப் பற்றி. அரசியல் கட்சிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, அதனால் தப்பித்தோம் என்று நாம் இருக்கலாமா? கூட்டத்துக்கு வந்து ராத்திரி பஸ் பிடித்து ஊர் திரும்பும் தோழியர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது? ஆலை வாசலில் குழு கேட்டுக் கோஷம் போடுகிற கட்சி, தன் அலுவலகச் சுவரிலும் அந்தப் பெயர்ப் பட்டியலை ஒட்டணும். கிளைச் செயலாளரில் தொடங்கி எல்லோரும் அந்தப் பயிற்சியில் உட்காரணும். அப்பதான் நம்ம கோஷத்துக்கு மரியாதை.

நாம் கேட்பது:

1. பயிற்சி வேலை நேரத்தில், சம்பளத்தோடு, தமிழில் நடக்க வேண்டும். ஆண்களும் மேலதிகாரிகளும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும்.

2. ஒப்பந்தத் தொழிலாளர்களை விட்டுவிடக் கூடாது.

3. குழுவின் வெளி உறுப்பினர் முதலாளியின் சொந்தக்காரராக இருக்கக் கூடாது.

4. உள்ளூர் குழுவின் விவரம் பேருந்து நிலையம், ரேஷன் கடை, மீன் இறங்குதளம் வரை எழுதி வைக்கப்பட வேண்டும்.

5. ஒவ்வொரு குழுவும் மாவட்ட அதிகாரிக்குத் தர வேண்டிய ஆண்டறிக்கை வந்ததா, எத்தனை நிறுவனங்கள் தரவில்லை என்பதை மாவட்ட நிர்வாகம் மக்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம்.

திங்கட்கிழமை மறக்காதீங்க. போர்டைப் பாருங்க. பட்டியல் இல்லையென்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்க, தனியாகப் போகாதீங்க, நாலு பேராகப் போங்க. இருக்கிறது என்றால் அந்த 4 பேரின் பெயரையும் பக்கத்தில் வேலை செய்கிற பெண்ணுக்குச் சொல்லுங்க. பாதிக்கப்பட்ட யாருடைய பெயரையும் கமெண்டில் எழுத வேண்டாம். அவசர உதவிக்கு 181.

#போர்டில்_பெயர்_எங்கே
#பணியிடம்_பெண்களுக்கும்தான்