சேவலா, பெட்டையா? தெரிந்த பின் பங்கிடுவோம்

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் வீட்டுக் கொல்லையில் பத்துக் கோழி வளர்ப்பது பெரும்பாலும் பெண்களின் பொறுப்பாக இருந்து வருகிறது. சம்பா அறுவடைக்குப் பின் களத்தில் சிந்திய நெல், வீட்டில் மிஞ்சும் நொய், எருக்குழியில் கிடைக்கும் புழு பூச்சி ஆகியவையே இக்கோழிகளுக்குத் தீவனம். கையில் காசில்லாத நாளில் முட்டையையோ சேவலையோ விற்றுப் பிள்ளையின் பள்ளிச் செலவைச் சமாளிப்பவரும் அந்தக் குடும்பத்தலைவிதான். ஆகவே, குஞ்சு வாங்கும்போது அவர் கேட்கும் முதல் கேள்வி, "இதில் பெட்டை எத்தனை?" என்பதே.

கூடையில் குஞ்சு கொண்டு வருபவர், "எல்லாம் பெட்டைதான்" என்பார். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒவ்வொரு குஞ்சையும் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். மூன்று மாதம் கழித்துப் பத்தில் ஏழு கொண்டை சிவந்து கூவத் தொடங்கும். "நம் கைராசி அவ்வளவுதான்" என்று அந்தப் பெண் மனம் நொந்து போவார். உண்மையில் இதில் கைராசிக்கு இடமில்லை. பல வேளைகளில் இது ஏமாற்றும் அல்ல, வெறும் கணக்கு. அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் இழப்பைக் குறைக்க எளிய வழி உண்டு.

முட்டையில் தெரியுமா?

கூரான முட்டையில் சேவலும் உருண்டை முட்டையில் பெட்டையும் பிறக்கும் என்ற நம்பிக்கை நம் ஊரில் மட்டும் உள்ளதன்று. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், நீண்டு கூரான முட்டை பெட்டைக்கு உரியது என்று எழுதினார். ரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா, அதுவே சேவலுக்கு உரியது என்றார். இருவர் கூற்றும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. இன்றைய அறிவியல்படி இரண்டுமே தவறு.

மனிதரில் குழந்தை ஆணா, பெண்ணா என்பது தந்தையின் விந்தணுவைப் பொறுத்தது. கோழியினத்திலோ அது தாயைப் பொறுத்தது. மஞ்சள் கரு சினைப்பையை விட்டு வெளிவரும் முன்பே இது முடிவாகிவிடுகிறது. ஓடு உருவாவது அதற்குப் பல மணி நேரம் கழித்துத்தான். எனவே, ஓட்டின் வடிவத்திற்கும் உள்ளே வளரும் குஞ்சின் பாலுக்கும் தொடர்பு இல்லை.

ஒரு நாள் குஞ்சில் தெரியுமா?

தெரியும், ஆனால், எல்லோருக்கும் அல்ல, எல்லாக் குஞ்சிலும் அல்ல. குஞ்சின் எச்சத்துவாரத்தை மெல்ல விரித்துப் பார்த்து ஆண், பெண் பிரிக்கும் முறையை 1920களில் மசூயி, ஹஷிமோட்டோ ஆகிய ஜப்பானிய அறிஞர்கள் ஆராய்ந்து வெளியிட்டனர். பெரிய குஞ்சுப் பொரிப்பகங்களில் பயிற்சி பெற்றவர்கள் இதைச் செய்கின்றனர். நீண்ட பயிற்சி இல்லாதவர் முயன்றால் தவறான முடிவு கிடைப்பதுடன் குஞ்சுக்கும் காயம் ஏற்படும்.

நிறத்தைக் கொண்டும் சிறகைக் கொண்டும் பிரிப்பது மற்றொரு முறை. ரோட் ஐலண்டு ரெட் சேவலையும் வரியுள்ள பிளிமத் ராக் பெட்டையையும் இணைத்தால், பிறக்கும் ஆண் குஞ்சின் தலையில் வெளிர் புள்ளி இருக்கும். பெண் குஞ்சில் இராது. சிறகு சீக்கிரம் வளரும் சேவலையும் தாமதமாக வளரும் பெட்டையையும் இணைத்தால், பெண் குஞ்சின் சிறகு முந்தி வளரும். இவையெல்லாம் திட்டமிட்டு இணைத்த இனங்களுக்கே பொருந்தும். நம் கொல்லையில் மேயும் சிறுவிடையும் பெருவிடையும் கழுத்தறுப்பானும் தலைமுறை தலைமுறையாகக் கலந்தவை. இவற்றின் குஞ்சுகளில் சிறகு நீளத்தைப் பார்த்துச் சொல்வது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம்.

ஒன்றை மட்டும் முதல் நாளே நிச்சயமாகச் சந்தேகிக்கலாம். சிவப்பு, பச்சை, நீலம் என்று சாயமேற்றித் தெருவில் மலிவாக விற்கப்படும் குஞ்சுகள், பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் வேண்டாம் என்று கழித்த ஆண் குஞ்சுகளே. முட்டைக்காக இவற்றை வாங்குவது பணத்தை வீணாக்குவதாகும்.

கைராசி அல்ல, கணக்கு

பொதுவாகப் பொரிக்கும் குஞ்சுகளில் பாதி சேவல், பாதி பெட்டை. ஆனால், ஒவ்வொரு வீட்டிலும் ஐந்துக்கு ஐந்து என்று அமைவதில்லை. பத்துக் குஞ்சு வாங்கும் 100 வீடுகளை எடுத்துக்கொண்டால், சுமார் 17 வீடுகளில் ஏழோ அதற்கு மேலோ சேவலாகவே வந்துவிடும். வேறு 17 வீடுகளில் ஏழோ அதற்கு மேலோ பெட்டையாக அமையும். யாரும் தவறு செய்யாமலே ஒரு வீட்டுக்கு மூன்று பெட்டையும் அடுத்த வீட்டுக்கு ஏழு பெட்டையும் கிடைக்கக்கூடும்.

கொல்லையில் மேயும் நாட்டுப்பெட்டை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். ஐந்து பெட்டையை எதிர்பார்த்த வீட்டில் மூன்றே அமைந்தால் ஆண்டுக்குக் குறைந்தது 120 முட்டை இழப்பு. பெரிய பண்ணைக்கு இது பொருட்டல்ல. ஏழைக் குடும்பத்திற்குப் பெரிய தொகை.

அதே சமயம், ஐந்து பெண்கள் சேர்ந்து 50 குஞ்சு வாங்கினால், அதில் பத்துக்கு ஏழு வீதம், அதாவது 35க்குக் குறையாமல் சேவலாக வருவது ஏறத்தாழ 300 முறையில் ஒரு முறைதான் நிகழும். எண்ணிக்கை கூடக் கூட ஏற்றத்தாழ்வு அடங்கிவிடும். இங்கு வலியுறுத்தப்படும் கருத்தும் இதுவே: குஞ்சுகளைக் கூட்டாக வாங்கி, கூட்டாக வளர்த்து, சேவல் எது, பெட்டை எது என்று தெரிந்த பின்னரே பங்கிட வேண்டும்.

எப்போது தெரியும்?

நான்கைந்து வாரத்தில் சில குஞ்சுகளின் கொண்டை சற்றே சிவக்கும். இதை வெறும் அறிகுறியாக மட்டும் கொள்ளவேண்டும். எட்டு வார அளவில் சேவலின் கொண்டையும் தாடியும் பெரிதாகும், கால் தடிக்கும். 10 முதல் 14 வாரங்களில் உறுதியான அடையாளம் தோன்றும். இடுப்பில் வளரும் புது இறகுகள் நீண்டு நுனி கூராக இருந்தால் சேவல். நுனி வட்டமாக இருந்தால் பெட்டை.

அசில் கலப்புள்ள குஞ்சுகளில் கொண்டை இயல்பாகவே சிறியது. காலோ பெட்டைக்கும் தடித்திருக்கும். கொண்டையையும் காலையும் மட்டும் பார்த்து முடிவு செய்வோர் இளஞ்சேவலைப் பெட்டையென்று வைத்துக்கொள்வதும், நல்ல விடைக்கோழியைச் சேவலென்று கறிக்கு விற்றுவிடுவதும் உண்டு. இடுப்பிறகைப் பார்க்காமல் எந்தக் கோழியையும் விற்கலாகாது.

கூட்டு வளர்ப்பில் கவனிக்க வேண்டியவை

நம் மாவட்டத்திற்குத் தை மாதம் ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரத்தால் குஞ்சுகள் மடியும். தையில் வாங்கினால் சித்திரையில் பங்கிடலாம். சேவல்கள் ஆடி மாதக் கோயில் திருவிழாக்களில் நல்ல விலைக்குப் போகும். பெட்டைகளும் அக்காலத்தை ஒட்டி முட்டையிடத் தொடங்கும்.

முதல் வாரம் குஞ்சுகளுக்கு 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் தேவை. பின் வாரத்திற்கு 5 டிகிரி குறைத்து வரலாம். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் வீதம் குண்டு பல்பு போடவேண்டும். எல்.ஈ.டி. விளக்கு வெளிச்சம் தருமே தவிரப் போதிய சூடு தராது. வெள்ளைக்கழிச்சலைத் தடுக்க 7ஆம் நாள் சொட்டு மருந்தும் 8ஆம் வாரம் தடுப்பூசியும் கட்டாயம். 50 குஞ்சும் ஓரிடத்தில் இருப்பதால் ஒரே நாளில் இதை முடித்துவிடலாம்.

"கூட்டு என்றால் சண்டை வரும், ஒன்றுக்கு நோய் வந்தால் அத்தனையும் போகும்" என்பது நியாயமான அச்சமே. தடுப்பூசி தவறினால் இரண்டாவது ஆபத்து உண்மையாகும். சண்டைக்கு மருந்து முன்கூட்டியே செய்யும் ஒப்பந்தம். தீவனச் செலவும் இறப்பும் எல்லோருக்கும் பொது. எந்தக் குஞ்சும் யாருடையதும் அன்று. பங்கிடும் நாளில் பெட்டைகளை எடை பார்த்துச் சமமாகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கவேண்டும். எட்டு அல்லது பத்துப் பெட்டைக்கு ஒரு நல்ல சேவல் வீதம் நிறுத்திக்கொண்டு, மற்ற சேவல்களை மொத்தமாக விற்றுப் பணத்தைப் பிரிக்கலாம்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள்

2020களில் தமிழக அரசு ஏழை மகளிருக்கு நான்கு வார வயதுள்ள நாட்டுக்கோழிக் குஞ்சுகள் 40ஐ 50 சதவீத மானியத்தில் வழங்கும் திட்டத்தைச் செயல்படுத்தியது. ஒரு நாள் குஞ்சைக் கொடுப்பதைவிட இது நல்ல முன்னேற்றம். ஆனாலும், நான்கு வாரத்தில் சேவலையும் பெட்டையையும் உறுதியாகப் பிரிக்க இயலாது. கூரை வீட்டில் 40 குஞ்சைக் கீரி, பருந்திடமிருந்து காப்பதும் எளிதன்று. எண்ணிக்கையைப் பாதியாக்கி, 12 வாரம் வளர்த்து, பெட்டை மிகுதியாக இருக்குமாறு பிரித்துக் கொடுப்பதே மேல். வளர்க்கும் செலவு கூடும் என்பது உண்மை. ஆனால், குறைந்த எண்ணிக்கையால் அதில் ஒரு பகுதி ஈடாகும். குஞ்சு மடிவதும் குறையும். கடலூரிலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் போன்ற நிறுவனங்கள் இதைச் சில ஊர்களில் செய்து பார்க்கலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மகளிர் குழுக்கள் ஊர்தோறும் இருக்கின்றன. ஐந்து பேர் சேர்ந்தால் போதும். முட்டையை உருட்டிப் பார்ப்பதையும் குஞ்சைத் தலைகீழாகப் பிடிப்பதையும் விட்டுவிட்டு, மூன்று மாதம் பொறுத்துப் பங்கிட்டால், ஒரு வீட்டில் கூவல் மட்டும் கேட்க, அடுத்த வீட்டில் முட்டை குவியும் நிலை மாறும்.