தொடப் பயப்படும் கோடிங்

"அந்த ஃபைலை மட்டும் தொடாதீங்க தம்பி" என்றார் சீனியர், நான் சேர்ந்த முதல் வாரமே. பில் போடும் ஃபங்ஷன் ஒன்றே ஆயிரம் வரியைத் தாண்டும். 'டெம்ப்2' என்கிற வேரியபிள் எதைச் சுமக்கிறது என்று குழுவில் ஒருவருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக எழுதத்தான் கை துறுதுறுக்கும். வேண்டாம் என்பேன். கண்ணை உறுத்தும் ஒவ்வொரு 'இஃப்' வரியும் என்றோ ஒரு வாடிக்கையாளரின் புகாருக்காக வந்திருக்கலாம். டெஸ்ட் இல்லாத கோடிங்தான் லெகசி கோடிங் என்று 2004-இல் வந்த புத்தகத்தில் எழுதினார் மைக்கேல் ஃபெதர்ஸ். எனக்குக் கைகொடுத்தது அவர் காட்டிய வழிதான்: புரோகிராம் என்ன செய்ய வேண்டும் என்ற வாதத்தை ஒத்திவைத்து, இப்போது என்ன செய்கிறதோ அதை அப்படியே டெஸ்டாகப் பதிந்துகொள்வது. பழைய பில்கள் இருபதை ஓட்டிப் பார்த்து, பைசா பிசகாமல் அதே தொகை வந்த பிறகே முதல் துண்டைப் பிரித்தெடுத்தேன். அதற்காகச் செத்த கோடிங்கை அப்படியே விட்டுவைப்பதும் ஆபத்து. 2012 ஆகஸ்டில் அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் நிறுவனத்தில், ஆண்டுக்கணக்காகப் பயன்படாமல் கிடந்த கோடிங் ஒரு சர்வரில் உயிர்பெற்று, முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் விழுங்கியது. மேனேஜர்கள் ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் இந்தச் சுத்தம் செய்யும் வேலைக்கென்று நாள் ஒதுக்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ஜூனியர் பையன் தனியாக உட்கார்ந்து தீர்க்கிற சங்கதியா இது?