அதிவேகப் பாதைக்கு முன் அரை மைல் பாதை

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் பிற்பகல் நிறுவை முடிந்த கையோடு கொழுந்துச் சாக்குகள் ட்ரக்டர் பெட்டியில் ஏறும். பெட்டி நிரம்பியதும் வண்டி புறப்பட்டுவிடுவதில்லை. இன்னொரு நடைக்கு டீசல் யார் கொடுப்பது? ஒருவர் மேலே ஏறி நாலு மிதி மிதித்து, மிச்சச் சாக்குக்கும் இடம் பண்ணுவார். பிறகு குழிக்குக் குழி குதித்துக்கொண்டு ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போகும்.

அந்த மிதியிலும் குலுக்கலிலும் போவது பணம். கொழுந்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். பறித்த பின்னும் அது சுவாசிக்கும், சூட்டை வெளிவிடும். அமுக்கிக் கட்டிய சாக்குக்குள் அந்தச் சூடு தங்கினால், நசுங்கிய இலை வாட்டும் தட்டுக்குப் போகும் முன்பே சிவக்கத் தொடங்கிவிடும். சிவந்த இலையை எந்த டீமேக்கராலும் திருத்த முடியாது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரை கிலோ கொழுந்து வேண்டும் என்பதால், பாதையில் கெடும் ஒவ்வொரு சாக்கும் கணக்கில் ஏறும். கேகாலைப் பக்கத்து ரப்பர் மலைகளிலும் இதே அவதிதான். பால் நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் உறைந்துவிடும். அமோனியா கலந்து தள்ளிப்போடலாம், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

ஆனால் சரக்குப் போக்குவரத்து என்று பேச்சு எழுந்தாலே நம்மவர்கள் கொழும்பைத்தான் பார்க்கிறார்கள். அது பழைய பழக்கம். இரத்தினபுரிச் சரக்கு ஒரு காலத்தில் களுகங்கை வழியே படகில் களுத்துறைக்கு இறங்கியது. கேகாலை வழியே கோப்பி மூட்டை சுமந்த மாட்டு வண்டிகளுக்கு, 1867 இல் கண்டிக்கு ரயில் வந்ததும் வேலை குறைந்தது. பிறகு வந்தது இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஓடிய களனிப் பள்ளத்தாக்கு ரயில்: 1902 இல் அவிசாவளை, 1903 இல் எட்டியாந்தோட்டை, 1912 இல் இரத்தினபுரி, 1919 இல் ஓப்பநாயக்க. தேயிலையும் ரப்பரும் அதில் இறங்கின. எட்டியாந்தோட்டைத் தண்டவாளத்தை 1942 இலேயே பெயர்த்துவிட்டார்கள். அவிசாவளைக்கு அப்பாலுள்ள மிச்சமும் 1970களில் போனது. அன்று முதல் பாரமெல்லாம் லொறியின் தலையில். இப்போது பெல்மதுளை வரை அதிவேகப் பாதை என்கிறார்கள்.

வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இவையெல்லாம் தேயிலை ஸ்டோரை விட்டு வெளியேறிய பிறகு வரும் வசதிகள். காய்ந்த தேயிலை ஒரு நாள் தாமதித்தால் பெரிதாகக் கெட்டுவிடாது. கெடுவது மலைக்கும் ஸ்டோருக்கும் இடையே கிடக்கும் பச்சைக் கொழுந்து. அந்தப் பாதைக்குத்தான் இன்றுவரை திட்டமும் இல்லை, திறப்பு விழாவும் இல்லை.

அந்தப் பாதையில் போவது கொழுந்து மட்டுமா? இரவில் பிரசவ வலி கண்டவரையும் பாம்பு கடித்தவரையும் ஏற்றிப் போவது பல தோட்டங்களில் அதே கொழுந்து லொறிதான். காலையில் தொலைவிலுள்ள மலைக்கு ஆட்களை ஏற்றுவதும் அதேதான். சரக்கு ஏற்றச் செய்த பெட்டியில் ஆட்களை நிற்க வைத்து, செங்குத்தான வளைவில் இறக்கத்தில் விடுகிறார்கள். வண்டி சரிந்தால் பத்திரிகையில் ஒரு நாள் செய்தி வரும், அவ்வளவுதான்.

பாதையைச் செப்பனிடுவது யார் பொறுப்பு என்று கேட்டால் ஆளுக்கொரு திசையில் கை காட்டுவார்கள். நிலம் அரசினுடையது என்பது கம்பெனியின் பதில். தோட்டங்களின் நிர்வாகம் 1992 இல் கம்பெனிகளிடம் போய்விட்டது என்பது அரசின் பதில். தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று பிரதேச சபைகள் நெடுங்காலம் சொல்லி வந்தன. அந்தச் சாக்கு இப்போது செல்லாது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018 இல் திருத்தப்பட்டு, தோட்டப் பகுதிகளுக்கும் சபைகள் சேவை செய்ய வழி திறந்துவிட்டது. 2025 மே மாதத் தேர்தலில் வந்த உறுப்பினர்கள் அந்தத் திருத்தத்தை வாசித்துப் பார்ப்பது நல்லது.

கம்பெனியின் கொழுந்துக்கு வரிப்பணத்தில் பாதை போடுவதா என்று சிலர் முறைக்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பாதையில் பள்ளிக்கூடப் பிள்ளையும் போகிறது, பக்கத்துக் கிராமத்துச் சிறு தோட்டக்காரரின் லேண்ட்மாஸ்டரும் போகிறது. நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு இன்று சிறு தோட்டங்களிலிருந்துதான் வருகிறது. ஆகவே செலவைப் பங்கு போடலாம். சாக்குக்குப் பதில் காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கூடைகளையும், ஆட்களுக்குத் தனி வண்டியையும் கம்பெனி கொடுக்கட்டும். ஏற்றங்களில் சக்கரம் ஓடும் இரண்டு தடங்களுக்கு மட்டுமாவது கொங்கிறீட்டும், ஓரத்தில் மழைநீருக்கு வடிகாலும் சபை போடட்டும். முழுப் பாதைக்கும் தார் ஊற்றும் பணம் இதற்குத் தேவையில்லை.

அடுத்த வரவு செலவுத் திட்டம் சபைக்கு வரும்போது, எந்தத் தோட்டத்தின் எந்த ஏற்றம் முதலில் என்று பெயர் குறித்து எழுதியிருக்கிறதா என்பதை வாக்களித்தவர்கள் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.